மூக்கனேரியும் நகர பரிபாலனமும்

மாலை வேளையில் காற்று வாங்கப் போவதற்குத் தகுந்த இடமில்லையென்பது சேலம் நகரவாசிகளின் நெடுநாளைய குறை. ஃபேர்லேண்ட்ஸிலும் அதைச் சுற்றிலும் வசிப்போர் அண்ணா பூங்காவை நாடுவர். அதைவிட விசாலமான காட்சியை விரும்புவோர் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்குச் செல்வர். பின்னே சேர்வராயன் மலை, முன்னே சுமார் 58 ஏக்கர் ஏரி, நடுவே மரமடர்ந்த திட்டுகள், அவற்றில் பட்சி ஜாலங்கள். பணம் செலவழித்து ஏற்காட்டு ஏரிக்குப் போகிறவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

இத்திட்டுகள் தாமாக அமைந்தவையல்ல. 2010ஆம் ஆண்டில் பியூஷ் மானுஷ் முதலிய சேலம் மக்கள் குழுவினர் இவ்வேரியைச் சீர்திருத்த முற்பட்டனர். தோண்டிய வண்டலை வெளியே ஏற்றிச் செல்லாமல் ஏரிக்குள்ளேயே குவித்து, வேர் மண்ணைப் பிடிக்கும்படி மரம் நட்டனர். வண்டிக்கூலி மிச்சம், பட்சிகளுக்கோ மனிதர் அணுகாத வீடு. எஞ்சினீயர்களின் எஸ்டிமேட்டுகளில் இத்தகைய யுக்தியை நாம் அதிகம் கண்டதில்லை!

ஏரியை அழகுபடுத்துவதென்றால் நடைபாதை, மின்விளக்கு, படகு, டிக்கட்டு என்பதே ஸ்தல ஸ்தாபனங்களின் எண்ணமாயிருக்கிறது. இவற்றை நாம் ஆட்சேபிக்கவில்லை. பகலெல்லாம் உழைத்தவன் பெண்டு பிள்ளைகளுடன் நீரருகே உட்கார வேண்டியதுதான். ஆனால் ஏரியென்பது சிமெண்டுத் தொட்டியன்று. மலைச்சரிவில் விழும் மழை புதுஏரியை நிரப்பி, அப்பால் மூக்கனேரிக்கு வருகிறது. அந்த வாய்க்காலை ஒருவர் ஒரு முழம் நெருக்கினால், கரையில் எத்தனை விளக்கு எரிந்தும் பயனென்ன? வாய்க்காலில் மழைநீருக்குப் பதில் சாக்கடை வருமாயின், படகில் ஏறுகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

சென்னையில் மாம்பலம் ஏரி 1920களில் தியாகராய நகராயிற்று. நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அக்காலத்தில் தடுக்கச் சட்டமில்லை என்று சொல்லலாம். இப்போது அவ்வாறு சொல்வதற்கில்லை. நீர்நிலைகள் சமுதாயத்தின் பொதுச்சொத்து, அவற்றைக் காப்பது உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

1917இல் வக்கீல் ராஜகோபாலாச்சாரியார் சேர்மனாக அமர்ந்த நகரசபை இது. அதன் ஸ்தானத்திலுள்ள மாநகராட்சியாரை நாம் கேட்பது அதிகமில்லை. புதுஏரி முதல் மூக்கனேரி வரை வாய்க்காலின் இரு மருங்கும் அளந்து கல் நடட்டும். அந்த நகல்படத்தைக் கரையில் பொதுஜனங்கள் பார்க்கும்படி ஒட்டட்டும். ஐப்பசி மழைக்கு முன் இது நடக்க வேண்டும். நடைபாதைக்குக் கல் பதிப்பது அதற்குப் பின் ஆகலாம்.