ஆயுதச் சந்தை நம் வாசலில்



பட்டுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? இரண்டாம் உலகப் போரின்போது பாராசூட் தைக்கப் பட்டு தேவைப்பட்டது. மைசூர்ப் பகுதியில் எடுக்கப்பட்ட பட்டு நூல் புடவையாகாமல், சிப்பாய்களை வானத்திலிருந்து இறக்கும் குடைத்துணியானது. பின்னர் நைலான் வந்தது; பட்டு தறிக்கே திரும்பிவிட்டது. அதன்பின் காந்தி ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கும் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருப்பவருக்கும் போர் என்பது நாளேட்டில் படிக்கிற செய்தி மட்டும்தான். இன்று நிலைமை அப்படி இல்லை. நம் மாவட்டத்துக்குள்ளேயே அந்த வியாபாரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் இன்னும் கவனிக்கவில்லை.

2018 ஏப்ரலில் திருவிடந்தையில் மாபெரும் ஆயுதக் கண்காட்சி நடந்ததே, நினைவிருக்கிறதா? அன்று அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பிரதமர் வந்தார். காவிரிக்காகத் தமிழகமே கறுப்புக் கொடி காட்டியது. வானில் கறுப்பு பலூன்கள் பறந்தன. அந்தப் போராட்டம் நியாயமானது, அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டாங்கியையும் பீரங்கியையும் ஏவுகணையையும் கடற்கரையில் பரப்பி வைத்து, உலக நாடுகளை அழைத்து விலை பேசினார்களே, அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? பாதுகாப்புத் தளவாட உற்பத்தி மையமாக இந்தியா உருவெடுக்கிறது என்பதுதான் அந்தக் கண்காட்சியின் முழக்கம். வாங்குவதற்குக் கூட்டிய சந்தை அல்ல அது; விற்பதற்காகவும் கூட்டிய சந்தை.

அதே 2018 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவிக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகிய ஐந்து முனைகள். ஶ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் டிட்கோவின் விமான, பாதுகாப்புத் தொழிற்பூங்கா எழுந்தது. ஆளில்லா விமானங்களைச் சோதிக்க ஏறத்தாழ 45 கோடி ரூபாயில் பொது மையம் ஒன்று அமைக்கும் திட்டமும் அங்கேதான். மாநில அரசு 2022இல் வெளியிட்ட கொள்கையோ பத்தாண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீடு, ஒரு இலட்சம் பேருக்கு வேலை என்று கணக்குச் சொல்கிறது. மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் இன்னொரு கட்சி. மற்றெல்லாவற்றிலும் மோதிக்கொள்பவர்கள் இதில் மட்டும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்!

தறி கட்டுப்படியாகவில்லை என்று நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஶ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். நம் சமுதாயப் பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் போகிறார்கள். நாளை அவர்கள் கடைந்தெடுக்கும் உலோகத் துண்டு எதில் பொருத்தப்படும், யார் தலையில் விழும் என்று கேட்பதற்கு முன், சந்தை எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்போம்.

போபர்ஸ் பீரங்கி பேரத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1986இல் சுவீடனிடம் வாங்கினோம். 1987இல் லஞ்சப் புகார் வெடித்தது. 1989 தேர்தலில் ஆட்சியே மாறியது. அன்று ஆயுதம் என்றால் இந்தியா வாங்கும் பொருள். நம் கோபமெல்லாம் யார் கமிஷன் தின்றார் என்பதோடு நின்றது.

இன்று? 2013-14இல் இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி 686 கோடி ரூபாய். 2024-25இல் அது 23,622 கோடி. அதில் 15,233 கோடி தனியார் நிறுவனங்களின் பங்கு. 2029க்குள் 50,000 கோடியை எட்டுவோம் என்பது அரசின் இலக்கு. பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்கு பிரம்மோஸ் ஏவுகணை கேட்டது. 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. ஆர்மீனியா பினாகா ராக்கெட் வாங்குகிறது. அமெரிக்கக் கம்பெனிகளின் விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் பாகங்கள் இங்கிருந்து போகின்றன. இதற்காக வாங்குவதை நிறுத்திவிட்டோம் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்டாக்ஹோமிலுள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020-24 ஐந்தாண்டுகளில் உக்ரைனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே அதிகம் ஆயுதம் இறக்குமதி செய்தது இந்தியாதான்.

கடைக்காரர்களும் மாறிவிட்டார்கள். அதே ஐந்தாண்டுகளில் உலக ஆயுத ஏற்றுமதியில் 43 சதவீதம் அமெரிக்காவின் கையில். ரஷ்யாவின் ஏற்றுமதி முந்தைய ஐந்தாண்டை விட 64 சதவீதம் சரிந்தது. பிரான்ஸ் அதைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தது. 2010-14இல் இந்தியா இறக்குமதி செய்த ஆயுதத்தில் 72 சதவீதம் ரஷ்யாவுடையது. 2020-24இல் 36 சதவீதம்தான். ரஷ்யா காலி செய்த இடத்தைப் பிடிக்கத்தான் பிரான்ஸ், தென்கொரியா, துருக்கி, இஸ்ரேல் என்று இத்தனை போட்டி. இஸ்ரேல் விற்ற ஆயுதங்களில் மூன்றில் ஒரு பங்கை வாங்கியது யார் தெரியுமா? நம் இந்தியா!

வாங்குவது மட்டுமா? 2018 டிசம்பரில் ஐதராபாத்தில் திறக்கப்பட்ட அதானி-எல்பிட் கூட்டுத் தொழிற்சாலை, ஹெர்மீஸ் 900 என்னும் இஸ்ரேலிய ட்ரோனைத் தயாரிக்கத் தொடங்கியது. காஸா எரிந்துகொண்டிருந்த 2024 மே மாதத்தில் மரியான் டானிகா என்னும் கப்பலுக்கு ஸ்பெயின் தன் துறைமுகத்தில் இடம் தர மறுத்தது. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொண்டுபோகிறது என்பதே காரணம் என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் வெளிப்படையாகச் சொன்னார். ஏறத்தாழ 27 டன் வெடிபொருளுடன் ஹைஃபா நோக்கிச் சென்றதாக ஸ்பெயின் ஏடுகள் எழுதிய அந்தக் கப்பல் புறப்பட்ட இடம் எது? சென்னை! காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். காஸாவுக்காக நாம் ஜும்ஆவில் கண்ணீர் விட்ட நாட்களில்தான் இத்தனையும் நடந்தது.

நமக்கு முன்னால் விழித்துக்கொண்டவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள். இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்று இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஹர்ஷ் மந்தர், ஜான் திரேஸ் போன்றவர்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று 2024 செப்டம்பரில் மனு தள்ளுபடியானது. இந்தக் கேள்வியைக் கேட்டால் தேசவிரோதி என்று சொல்லிவிடுவார்களோ என நம் சகோதரர்கள் அஞ்சுகிறார்கள். கேட்டவர்களின் பெயர்களைப் பாருங்கள். அஞ்ச வேண்டியதில்லை.

வியாபாரிகளே, உங்களுக்கு எளிதில் புரியும் விஷயம் ஒன்று சொல்கிறேன். ஆயுதம் விற்கும்போது வாங்கும் நாட்டிடம் இறுதிப் பயன்பாட்டுச் சான்று கேட்பார்கள். அதாவது, இதை நான்தான் பயன்படுத்துவேன், வேறு யாருக்கும் தரமாட்டேன் என்ற உறுதிமொழி. இந்தியக் குண்டுகள் ஐரோப்பிய நாடுகள் வழியாக உக்ரைன் போர்க்களத்துக்குப் போனதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது. அது ஊகம் என்று நம் வெளியுறவு அமைச்சகம் மறுத்தது. யார் சொல்வது சரி என்று நீங்களும் நானும் சரிபார்க்க முடியுமா? முடியாது. எந்த நாட்டுக்கு, எந்தப் பொருள், எவ்வளவு என்ற முழுப் பட்டியல் இங்கே வெளிவருவதில்லை. பிரிட்டன் தன் ஆயுத ஏற்றுமதி உரிமங்களின் விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, சில்க் மார்க் உண்டு, சங்கத்தின் முத்திரை உண்டு. ஒரு புடவையின் பிறப்பிடத்தை இத்தனை சீட்டுகள் சொல்கின்றன. ஒரு குண்டு போகுமிடத்தைச் சொல்ல ஒரு சீட்டும் இல்லை.

இன்னொன்று. 2013 ஏப்ரலில் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. விற்கும் நாடுகளின் கையில் பிரம்பைக் கொடுத்து, வாங்கும் நாடுகளை மிரட்ட வழி செய்கிறது என்பது அன்று சொன்ன காரணம். வாங்குபவனின் நியாயம் அது, ஒப்புக்கொள்வோம். ஆனால் இன்று நாமே கடை விரித்த பிறகும் அந்தப் பழைய காரணத்தின் பின்னால் எப்படி நிற்க முடியும்?

நம்மவர்களின் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. 2020-24இல் அமெரிக்க ஆயுதத்தை மற்ற எந்த நாட்டையும் விட அதிகம் வாங்கியது சவூதி அரேபியா. அமெரிக்கா விற்ற குண்டுகள் யமனில் முஸ்லிம் வீடுகளின் மேல் விழுந்தன. துருக்கி ட்ரோனைப் பார்த்துப் பெருமைப்படும் இளைஞர்கள், அதே ட்ரோன்களை எத்தியோப்பிய அரசு தன் சொந்த மக்கள் மீதான திக்ரே போரில் பயன்படுத்தியதையும் தெரிந்துகொள்ளட்டும். விற்பவன் முஸ்லிம் என்பதால் குண்டு ஹலாலாகிவிடாது. குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதை நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) வெறுத்தார்கள். ஸஹீஹ் புகாரியில் வியாபாரப் பகுதியிலேயே இதற்கென ஒரு பாடம் உண்டு. யாருக்கு விற்கிறோம் என்பது பாவ புண்ணியக் கணக்கில் வரும் என்று அன்றே நம் முன்னோர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

அதனால் வேலைக்குப் போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. மாதச் சம்பளத்தை நம்பி இருக்கும் வீட்டில் அப்படிப் பேசுவது எளிது, அடுப்பு எரிவது கடினம். நாட்டின் எல்லையைக் காக்க ஆயுதம் வேண்டும் என்பதிலும் நமக்கு மறுப்பில்லை. 1961இல் தொடங்கிய ஆவடித் தொழிற்சாலையில் எல்லாச் சமுதாயத்தவரும்தான் டாங்கி செய்தார்கள். சொந்த இராணுவத்துக்குச் செய்வது ஒன்று. விலை கொடுப்பவனுக்கெல்லாம் செய்வது வேறு. இந்த வேறுபாட்டை மழுப்பத்தான் இரண்டையும் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லில் போர்த்துகிறார்கள்.

வியாபாரிகள் துணி, காலணி, பெட்டி, பெயிண்ட் என்று எதற்கு டெண்டர் போட்டாலும், சரக்கு எங்கே போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். வேலைக்குச் சேரும் இளைஞன் தொழிற்சங்கத்தில் சேரட்டும். துறைமுகத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பேசும் துணிவு வந்தது சங்கத்தால்தான். ஜமாஅத்துகள் கையெழுத்து வாங்கி நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுக்கட்டும். அவர் சபையில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. ஏற்றுமதியான ஆயுதங்களின் விவரம் நாடுவாரியாக ஆண்டுதோறும் அவையில் வைக்கப்படுமா? 2023 அக்டோபருக்குப் பின் சென்னைத் துறைமுகம் வழியாக இஸ்ரேலுக்குச் சென்ற வெடிபொருள் எத்தனை டன்?