திரும்பி வருவதற்கு ஒரு படகு

மிக்ஸி, வாஷிங் மெஷின், பழைய கார் என்று ஓடிக்கொண்டிருந்த இந்தப் பத்திக்கு இந்த வாரம் கடலிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. வேல்ஸில், சுவான்சீ நகரத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோடையில் குடும்பத்தோடு கரையோரமாகப் போய்வர ஒரு 'ரிப்' படகு வாங்க ஆசை. 4 மீட்டர் நீளம், 60 குதிரைத்திறன் மோட்டார், டிரெய்லரோடு மலிவாக ஒன்று வந்திருக்கிறதாம். "வாங்கலாமா? என் மனைவிக்கு நீச்சல் தெரியாது, பரவாயில்லையா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு என் பதில்: அந்தப் படகு வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். மனைவி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ரிப் என்றால் என்ன என்று மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 சென்னை வெள்ளத்தில் மீட்புப் படையினர் தெருத்தெருவாகக் கொண்டுவந்த ரப்பர் படகு நினைவிருக்கிறதா? அது முழுக்கக் காற்றில் நிற்பது. தெருவில் தேங்கிய தண்ணீருக்கு அது போதும். அலையடிக்கும் கடலில் வேகமாக ஓட்டினால் வளைந்து நெளியும். ரிப்பில் சுற்றிலும் அதே காற்றுக் குழாய் இருக்கும். ஆனால் அடிப்பாகம் ஃபைபர் கிளாஸிலோ அலுமினியத்திலோ செய்த கெட்டியான 'வி' வடிவம். 'வி' அலையை வெட்டும். குழாய் படகை மிதக்க வைக்கும்; தண்ணீர் உள்ளே புகுந்தாலும் மூழ்கவிடாது.

இந்தப் படகு பிறந்ததே நம் வாசகர் வசிக்கும் கரையில்தான். சுவான்சீக்குக் கிழக்கே செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் 1962-ல் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரியில், பாய்மரப் படகு பழகும் மாணவர்களுக்குப் பாதுகாப்புக்காக ரப்பர் படகுகளை வைத்திருந்தார்கள். அந்தக் கரடுமுரடான கரையையும் கடலையும் அவற்றின் துணித்தளம் தாங்கவில்லை. முன்னாள் கடற்படை அதிகாரியான தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் அடியில் பிளைவுட் ஒட்டிப் பார்த்தார்கள். வடிவத்தை மாற்றி மாற்றி, வருடக்கணக்கில் படகுகளைக் கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அதன் உரிமையைப் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ-க்கு 1 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1972-ல் 'அட்லாண்டிக் 21' என்ற மீட்புப் படகு சேவைக்கு வந்தது. 21 என்பது அடிக்கணக்கில் அதன் உத்தேச நீளம். உங்களுக்கு வந்திருக்கும் படகு 13 அடி!

இப்போது கடலைப் பார்ப்போம். நாகப்பட்டினத்துக்காரருக்குக் கடலைப் பற்றி நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அந்தக் கடல் வேறு, இந்தக் கடல் வேறு. நம் சோழமண்டலக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே புனல் மாதிரி ஒடுங்கும் பிரிஸ்டல் சேனலில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உள்முனையில் அது 14 மீட்டர் வரை போகும். நாலு மாடி உயரத் தண்ணீர்! சுவான்சீயிலேயே 8 மீட்டருக்கு மேல். அத்தனை தண்ணீரும் ஏறக்குறைய 6 மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த 6 மணி நேரத்தில் வெளியே போகவேண்டும். அதனால் கடல் ஆறு மாதிரி ஓடும்.

அங்கே அதிகம் வீசுவது மேற்குக் காற்று. நம் மீனவர்கள் கச்சான் என்பார்களே, அதுதான். காலையில் நீர் ஏறும்போது, காற்றும் நீரும் ஒரே திசையில் கிழக்கு நோக்கிப் போகும். அலை படுத்திருக்கும். "இன்னிக்கு கடல் சூப்பர்" என்று கிளம்புவீர்கள். பிள்ளைகள் ஒரு விரிகுடாவில் மணல்வீடு கட்டி, சாண்ட்விச் சாப்பிட்டு முடிக்கும்போது நீர் திரும்பியிருக்கும். காற்றின் வேகம் கொஞ்சமும் கூடியிருக்காது. ஆனால் மேற்கே ஓடும் நீரை மேற்கிலிருந்து வரும் காற்று எதிர்க்க, அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும். காலையில் 20 நிமிஷத்தில் வந்த தூரத்துக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகலாம். பிள்ளைகள் களைத்திருப்பார்கள், நனைந்திருப்பார்கள், பெட்ரோலும் குறைந்திருக்கும்.

அந்த மாலை நேரத்துக்காகத்தான் படகு வாங்க வேண்டும். 4 மீட்டர் படகு காலைப் பயணத்துக்கு ரொம்ப நன்றாக இருக்கும். மாலையில் ஒரு அலையின் முகட்டிலிருந்து அடுத்த அலையின் பள்ளத்தில் மூக்கைக் குத்தும். பின்னால் கனமான மோட்டார், முன்னால் எடையே இல்லாத நுனி. எதிர்க்காற்று அடியில் புகுந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். நான்கு பேருக்கு, அந்தக் கடலுக்கு, ஐந்தரை முதல் ஆறரை மீட்டர் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால் இழுக்க, இறக்க, நிறுத்த எல்லாமே சுமை. முதல் படகுக்கு அது தேவையில்லை.

நீளத்துக்கு அடுத்து, படகின் பின்னால் போய்க் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அழகான குழாயையும் பளபளக்கும் மோட்டாரையும் விற்பவரே காட்டுவார். இதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மோட்டார் மாட்டும் பலகைக்குக் கீழேகூட 'வி' ஆழமாக, 20 முதல் 25 டிகிரி சரிவோடு வந்தால் அது கடலுக்கான படகு. பின்னால் வர வர தட்டையாகிவிட்டால் அது ஏரிக்கு. தட்டை அடிப்பாகம் அலையில் பளார் பளார் என்று அறையும். ஆழமான 'வி'-யிலும் ஒரு குறை உண்டு: நின்றிருக்கும்போது கொஞ்சம் ஆடும், ஓட்டக் கொஞ்சம் கூடுதல் சக்தி கேட்கும். நிற்கும்போது இரண்டு பக்கக் குழாயும் தண்ணீரைத் தொடும்படி கட்டியிருந்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும்.

படகில் ஒரு சின்னத் தகடு இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன், எந்த வகைக் கடல் என்று அதில் எழுதியிருக்கும். 'டி' என்றால் ஏரி, ஆறு மாதிரி ஒதுங்கிய நீர்நிலை. 'சி' என்றால் கரையோரக் கடல்: பியூஃபோர்ட் அளவில் 6 வரை காற்று, 2 மீட்டர் வரை அலை. 'பி' அதற்கும் மேல். உங்களுக்கு 'சி'-க்குக் கீழே வேண்டாம். ஆனால் அந்த 2 மீட்டர் படகுக்கான எல்லை, புதிதாக ஓட்டுபவருக்கானது இல்லை. அரை மீட்டர் அலையில் முதல் கோடையைக் கழித்தாலே பெரிய விஷயம். அந்த 60 குதிரைத்திறன் மோட்டாரையும் தகட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அனுமதித்ததைவிடப் பெரிய மோட்டாரை மாட்டிய படகு என்றால், இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இருக்கை விஷயத்தைப் பலரும் குஷன் விஷயமாக நினைக்கிறார்கள். அது முதுகெலும்பு விஷயம். 2008-ல் இதே பிரிஸ்டல் சேனலில், சுற்றுலா ரிப் ஒன்றில் போன பயணிக்கு அலையில் படகு அறைந்ததில் முதுகெலும்பு முறிந்தது. குதிரைமேல் உட்காருவதுபோல் இருபுறமும் கால்போட்டு உட்காரும் இருக்கை இருந்தால், அலை வரும்போது முழங்காலால் தாங்கி எழுந்துகொள்ளலாம். பெஞ்ச் மாதிரி இருக்கையில் அது முடியாது. உங்கள் 7 வயதுப் பிள்ளைக்கு எந்த இருக்கையிலும் கால் எட்டாது. ஆகவே படகின் பின்பாதியில், நடுவில், பெரியவர் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில். முன்னால் போய் உட்காருவதும், குழாய்மேல் உட்காருவதும் கூடவே கூடாது, எவ்வளவு அழுதாலும்.

இப்போது சொல்லப்போவது ஒரு சிவப்புக் கயிறு பற்றி. சுருள் சுருளாக, பழைய டெலிபோன் ஒயர் மாதிரி இருக்கும். 'கில் கார்ட்' என்று பெயர். ஒரு முனை மோட்டாரின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவரின் தொடையில். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். 2013 மே மாதம், கார்ன்வாலில் பேட்ஸ்டோ அருகே ஒரு குடும்பம் ரிப்பில் போனது. ஒரு திடீர்த் திருப்பத்தில் ஆறு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். கயிறு யாருடைய காலிலும் இல்லை. ஆளில்லாத படகு முழு விசையோடு வட்டமடித்துத் திரும்பி வந்து அவர்கள் மீதே மோதியது. அப்பாவும் 8 வயது மகளும் இறந்துபோனார்கள். கடல் கொந்தளித்த நாள் இல்லை அது.

கயிறு சில பவுண்டுதான். ஒன்று சுவிட்சில், இன்னொன்று படகிலேயே உபரியாக. கிளம்பும் முன் மோட்டாரை ஓடவிட்டு, கயிற்றைப் பிடுங்கி, நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஓட்டுபவர் மாறும்போது முதலில் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கயிறு கை மாற வேண்டும்.

பழைய படகு வாங்குவதில் தவறில்லை. முதல் படகு பழையதாக இருப்பதே நல்லது என்பேன். குழாய் எந்தத் துணி என்று கேளுங்கள். ஹைபலான் வகை விலை கூடுதல், வெயிலை நன்றாகத் தாங்கும். (ஹைபலான் என்ற பெயரில் அதைத் தயாரித்த டூபாண்ட் 2010-லேயே நிறுத்திவிட்டது, டால்டா மாதிரி பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.) பி.வி.சி மலிவு, வெயிலில் சீக்கிரம் பிசுபிசுக்கும், விறைக்கும். முதல் நாள் மாலை குழாயில் நிறையக் காற்றடிக்கச் சொல்லி, மறுநாள் காலை போய் அழுத்திப் பாருங்கள். தண்ணீரில் இறக்கியதும் குழாய் கொஞ்சம் தளர்ந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் காற்று சுருங்குவதுதான். மோட்டார் மாட்டும் பலகையை நாணயத்தால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். மந்தமாக 'தொப்' என்றால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது. பேரம்கூடப் பேசாமல் வந்துவிடுங்கள். டிரெய்லரின் பேரிங்கும் பிரேக்கும் உப்புத் தண்ணீரில் இறங்கி இறங்கி முதலில் செத்துப்போகிறவை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்.

துறைமுகத்துக்குள் ஒரு வட்டம் அடித்துக் காட்டிவிட்டு "எப்படி?" என்பார் விற்பவர். ஒத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் காற்றுள்ள நாளில், வெளிக்கடலில், நான்கு பேரின் எடையோடு, காற்றுக்கு எதிராக ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம், காற்று முதுகில் இருக்க ஒரு தரம். பிள்ளைகளுக்குப் பதில் நண்பர்களைக் கூட்டிப் போங்கள்.

பணத்தை முழுவதும் படகிலேயே போட்டுவிடாதீர்கள். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் நிலைமை இங்கே ஆபத்து. நான்கு பேருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட். பிள்ளைகளுடையதில் தொடைக்கு நடுவே வரும் பட்டை அவசியம், இல்லையென்றால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே, பிள்ளை கீழே. நீர்புகா வி.எச்.எஃப் ரேடியோ ஒன்று, செல்போன் நம்பிக்கையானதல்ல. நங்கூரம், இன்ஷூரன்ஸ், உடம்பை மூடும் உடை. சென்னைக் கடலில் விழுந்தால் நனைவோம், அவ்வளவுதான். அங்கே நடுக்கோடையிலும் தண்ணீர் 17 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். வசந்த காலத்தில் இன்னும் குறைவு. விழுந்த முதல் நிமிஷத்தில் மூச்சு தன்னை மீறித் திணறும். நன்றாக நீந்துகிறவரும் அப்போது வாய் நிறையத் தண்ணீர் குடித்துவிடுவார்.

அதனால்தான் மனைவிக்கு நீச்சல் தெரியாதது எனக்கு முதல் கவலையாகப் படவில்லை. கற்றுக்கொள்ளட்டும், நல்லது, ஆனால் அந்தக் குளிரில் அவரைக் காப்பது உடம்பில் கட்டிய ஜாக்கெட்தான். என் கவலை வேறு: படகிலிருந்து விழுவது நீங்களாக இருந்தால்? கயிறு மோட்டாரை நிறுத்திவிடும். பிறகு யார் அதைக் கிளப்பி, திருப்பி, உங்கள் மீது ஏற்றாமல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது? ரேடியோவில் 16-ம் சேனலில் யார் பேசுவது?

பிரிட்டனில் சொந்தப் படகைக் கடலில் ஓட்ட லைசென்ஸ் கட்டாயம் இல்லை. ஆனால் ஆர்.ஒய்.ஏ நடத்தும் 'பவர்போட் லெவல் 2' என்று 2 நாள் பயிற்சி இருக்கிறது. தண்ணீரில் விழுந்தவரை எடுப்பதும் அதில் ஒரு பாடம். படகு தேடும் முன் அதற்குப் பதிவு செய்யுங்கள், இரண்டு இடமாக. பிள்ளைகளை அந்த இரண்டு நாளும் நண்பர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.