வேகம் மொழியிலா, வழியிலா?

கணிப்பொறி மொழி ஒன்றின் புதிய பதிப்பு வெளிவந்ததும் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு வேகம்?" என்பதே. நெதர்லாந்து நாட்டவரான குய்டோ வான் ரோசம் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழியின் 3.11 பதிப்பு, 2022 அக்டோபரில் வந்தது. முந்தைய 3.10 பதிப்பைவிட அது சராசரியாக 1.25 மடங்கு வேகமானது என்று அதை உருவாக்கியோர் அறிவித்தனர். அதாவது, 100 வினாடி பிடித்த வேலை 80 வினாடியில் முடியும்.

இந்த வேகம் எப்படி வந்தது? 'அ + ஆ' என்ற கட்டளை வரும்போதெல்லாம், இவை எண்களா, சொற்களா என்று பழைய பதிப்பு ஆராயும். புதிய பதிப்போ, தொடர்ந்து முழு எண்களே வருவதைக் கவனித்தால், அவற்றுக்கென்றே அமைந்த குறுக்குவழிக்கு மாறிக்கொள்ளும்.

பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனால் 1.25 என்பது பலவகைச் சோதனை நிரல்களின் சராசரி. உங்கள் நிரலில் அது கூடலாம்; குறையலாம்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அகர வரிசையில் உள்ள 10 லட்சம் பெயர்களில் ஒன்றை முதலிலிருந்து தேடினால், 10 லட்சம் ஒப்பீடுகள்வரை தேவைப்படலாம். நடுவில் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் 20 ஒப்பீடுகள் போதும்! எந்தப் புதிய பதிப்பும் இத்தனை லாபம் தராது.

ஆகவே மாணவர்களே, எந்த மொழி வேகமானது என்று வாதிடுமுன் உங்கள் நிரலை நீங்களே அளந்து பாருங்கள். முதலில் வழியைத் திருத்துங்கள். பிறகு பதிப்பை மாற்றுங்கள்.