ஜி.ஐ. பைப்பில் கூண்டு வேண்டாம், மாப்ளே



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு படம் போட்டான். 2003 மாடல் மாருதி எஸ்டீம். கதவில் பெரிதாக எண் ஒட்டி, உள்ளே சிவப்புப் பெயிண்ட் அடித்த இரும்புக் கூண்டு. அமெச்சூர் ராலிக்குத் தயார் செய்திருக்கிறானாம். எல்லாரும் கைதட்டலும் இதயமும் போட்டார்கள். நான் மட்டும் "அது என்ன பைப் மாப்ளே?" என்று கேட்டேன். "ஜி.ஐ. பைப் மாமா, கேட் கிரில் செய்கிற இடத்தில் போட்டது, செம ஸ்ட்ராங்" என்றான். அது தண்ணீர் போகிற பைப், அறுத்து எடுத்துவிடு என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் குழுவை விட்டே போய்விட்டான். அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.

நாலு வார்த்தையில் சொன்னது குத்தலாகப் போய்விட்டது, அது என் தப்புதான். அதனால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். என் மாணவர்களிலும் மூன்று நான்கு பேருக்கு இந்த ஆசை உண்டு என்று தெரியும்.

வாத்தியாருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் தம்பியின் டிங்கர் பட்டறையில்தான் எனக்கு முப்பது வருடமாகச் சாயங்கால டீ. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஆசையை நான் குறை சொல்லவில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்தே பந்தயக் கார் செய்து காட்டிய கரிவரதன் பிறந்த ஊர்ப்பக்கம் நம்முடையது. செட்டிபாளையம் ட்ராக்குக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பழைய வண்டியைத் தேற்றி ஓட்டுவது நம் ஊர்ப் பையன்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. எஸ்டீமும் நல்ல தேர்வு. 1298 சிசி எஞ்சின், எடை குறைவு, பார்ட்ஸ் கிடைக்கும்.

என் கருத்து ஒன்றுதான். அரைகுறைக் கூண்டு போட்ட வண்டி, கூண்டே இல்லாத வண்டியைவிட ஆபத்தானது.

ஏன் என்று சொல்கிறேன். ஜி.ஐ. பைப் தண்ணீர் கொண்டுபோகச் செய்தது. வண்டி உருண்டு தரையில் மோதும்போது வருகிற அடி வேறு விதம். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் வெல்டு வைத்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக நிற்கும். அந்தப் புகையை இழுத்த வெல்டருக்கு ராத்திரி காய்ச்சல் வரும். எஃப்.ஐ.ஏ. விதியில் கூண்டின் பிரதான வளைவுக்குச் சீம்லெஸ் குழாய் கேட்கிறார்கள். 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50க்கு 2. கூண்டின் கால் ஊன்றுகிற இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தகடு, 120 சதுர செ.மீ. பரப்பு. மாப்ளே போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால்கள் நேராகத் தரைத் தகட்டில் நிற்கின்றன. அந்தத் தகடு ஒரு மி.மீ. கூட இருக்காது. வண்டி கவிழ்ந்தால் கால் தரையைப் பொத்துக்கொண்டு வெளியே போகும்.

இன்னொன்றும் இருக்கிறது, என்னைத் தூங்கவிடாதது அதுதான். இந்த வண்டியிலேயே அவன் வேலைக்கும் போகிறான், அக்காவைக் கோயிலுக்கும் கூட்டிப் போகிறான். ராலி ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டு, பல முனைப் பெல்ட்டில் இறுகிக் கட்டி, பைப்பில் ஃபோம் சுற்றி உட்கார்ந்திருப்பார். அக்கா வெறும் தலையோடு உட்கார்ந்திருக்கிறாள். காதிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்புக் குழாய். சாதாரணமாகப் பின்னால் ஒரு ஆட்டோ இடித்தாலே போதும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்சூரன்ஸ்காரர் அந்தப் பைப்பைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பலப்படுத்தவே கூடாதா? நிச்சயம் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் துரு. இருபது வருட வண்டியில் கதவுக்குக் கீழே, ஜாக்கி வைக்கிற இடத்தில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் தகடு, 'தொப்' என்றால் துருவும் பட்டியும். பட்டி மேல் எதை வைத்து பலப்படுத்துவது? அடுத்தது கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டுகள். கல் ரோட்டில் பாடி முறுக்கும்போது அவைதான் முதலில் விடும். அவற்றுக்கு இடையே ஒரு அங்குலம் வெல்டு, இரண்டு அங்குலம் இடைவெளி என்று மாற்றி மாற்றித் தையல் போடுவார்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு வளைந்துவிடும். பெட்ரோல் டேங்கைக் கழற்றாமல் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

அடியில் சம்ப் கார்டு. அது சம்ப்பைத் தொடாமல் இடைவெளி விட்டு, கிராஸ் மெம்பரில் மாட்டியிருக்க வேண்டும். ஒட்டி மாட்டினால் கல் அடிப்பது கார்டில், உடைவது சம்ப்பில்.

இதில் நான் தம்பியிடம் கற்ற பெரிய பாடம், ஒரு இடத்தைக் கெட்டியாக்கினால் அடி அடுத்த இடத்துக்குப் போகும் என்பது. ஷாக் அப்சார்பரைக் கடினமாக்கினால் அது மேலே மாட்டியிருக்கும் தகடு விரியும். லோயர் ஆர்முக்குத் தகடு வைத்து ஒரேயடியாக இறுக்கினால், வளைய வேண்டிய ஆர்ம் வளையாமல், அது பிடித்திருக்கும் பாடியையே பிய்த்துக்கொண்டு வரும். ஆர்ம் வாங்கிக்கொள்ளலாம். பாடி? ஆகவே எது உடைய வேண்டும் என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் செலவு வண்டி விலையைத் தாண்டும் என்பது உண்மைதான். அதனால்தான் டி.எஸ்.டி. ராலியில் ஆரம்பியுங்கள் என்கிறேன். கூண்டு வேண்டாம், வண்டியை மாற்றவே வேண்டாம். கொடுத்த சராசரி வேகத்தில் ஒவ்வொரு இடத்தையும் கடக்க வேண்டும். சீக்கிரம் வந்தாலும் தண்டனைப் புள்ளி உண்டு. மணிக்கு 36 கி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 விநாடி. 7.2 கி.மீ.க்கு எவ்வளவு? என் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பிரேக் ஆயில் புதிதாக இருக்கட்டும், ஸ்டெப்னியும் ஜாக்கியும் வாரில் இறுகக் கட்டியிருக்கட்டும். அது போதும்.

மாப்ளே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா பட்டறை லீவு, சாவி என்னிடம் இருக்கிறது. பைப்பை அறுக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த வண்டியில் அம்மாவைக் கூட்டி வராதே, பஸ்ஸில் வரச் சொல்.