துப்பாக்கி சைட்டின் ஜீரோவைக் கடுங்குளிரிலும் கடும் வெப்பத்திலும் அளந்து பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயற்குழு, முன்னாள் படைவீரர் நலச் சங்கம்.

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், பாதுகாப்பு அமைச்சகம், புது தில்லி.

பொருள்: காலாட்படைத் துப்பாக்கிகளுக்கான மின்னணு சைட்டுகள் – கொள்முதல் ஆய்வில் வெப்பநிலையால் ஏற்படும் குறிவிலகலை அளப்பதைக் கட்டாயமாக்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. சியாச்சின் நிலைகளில் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி வரை இறங்குகிறது. இரண்டு இடங்களிலும் காவல் நிற்பது ஒரே ராணுவம். படைப்பிரிவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறும்போது துப்பாக்கியும் அதன் மேலுள்ள சைட் என்னும் குறிபார்க்கும் கருவியும் கூடவே போகின்றன. மின்னணு சைட்டை வாங்கும்போது, குளிரில் விளக்கு எரிகிறதா, தண்ணீரில் முக்கினால் தாங்குகிறதா, கீழே விழுந்தால் உடைகிறதா என்று பார்ப்பது அவசியமே. ஆனால் அது பாதி ஆய்வு. அணைந்துபோன சைட் வீரரை ஏமாற்றாது. அவர் உடனே இரும்பு சைட்டுக்கு மாறிவிடுவார். குறிப்புள்ளி பளிச்சென்று எரிந்துகொண்டே இடம் விலகி நிற்கும் சைட்டை அவர் நம்பிச் சுடுவார். இந்த இரண்டாவது பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆய்வைத்தான் எங்கள் சங்கம் கோருகிறது.

இது கற்பனையான அச்சம் அல்ல. அமெரிக்கப் படைகளில் பரவலாகப் புழங்கிய இயோடெக் ஹோலோகிராபிக் சைட்டுகள் மைனஸ் 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சரியாக இயங்கும் என்று சொல்லி விற்கப்பட்டன. 2015 செப்டம்பரில் அந்நாட்டுச் சிறப்புப் படைத் தலைமையகம் தன் வீரர்களுக்குப் பாதுகாப்பு எச்சரிக்கை அனுப்பியது. கடுங்குளிரிலும் கடும் வெப்பத்திலும் குறி 4 எம்.ஓ.ஏ. வரை விலகுகிறது, பழைய வெப்பநிலைக்குத் திரும்பிய பிறகும் ஜீரோ (தோட்டா படும் இடத்தோடு குறி பொருந்துமாறு சைட்டைச் சரிசெய்து வைத்த நிலை) பழைய இடத்துக்கு வருவதில்லை என்பது அதன் சாரம். ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரி கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு. காகிதத்தில் அற்பமாகத் தெரியும். 300 மீட்டரில் 4 எம்.ஓ.ஏ. ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். மார்பின் நடுவில் குறி வைத்த தோட்டா தோளுக்கு வெளியே போய்விடும். அதே ஆண்டு நவம்பரில், இயோடெக்கின் அன்றைய தாய் நிறுவனமான எல்-3 கம்யூனிகேஷன்ஸ் 2.56 கோடி டாலர் செலுத்தி, அரசு தொடர்ந்த மோசடி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. குறைபாடு நிறுவனத்துக்குப் பல ஆண்டுகளாகவே தெரியும், வாங்கியவரிடம் சொல்லவில்லை என்பதே அரசின் குற்றச்சாட்டு. எஃப்.பி.ஐ. தானாகச் சோதித்து அதே முடிவுகளைக் கண்டறிந்து நிறுவனத்தின் முன் வைத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. வாங்கியவர் அளந்த பிறகுதான் விற்றவர் வாய் திறந்தார் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

காரணங்கள் பௌதிகத்திலேயே இருக்கின்றன. ஹோலோகிராபிக் சைட்டில் புள்ளியை உருவாக்கும் லேசர் டையோடின் அலைநீளம் வெப்பநிலையோடு மாறும். ஹோலோகிராமில் ஒளி வளையும் கோணம் அலைநீளத்தைப் பொறுத்தது. அதை ஈடுகட்டும் அமைப்பு கருவிக்குள் பிசகினால் புள்ளி நகரும். அலுமினியக் கூடும், கண்ணாடியும், இரண்டையும் ஒட்டிய பசையும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிகின்றன. உள்ளே அடைத்த உலர் நைட்ரஜன் கசிந்தால் ஈரம் புகும். பேட்டரியும் தன் பங்குக்குச் சோதிக்கும்: அல்கலைன் செல் உறைகுளிரில் வெகுவாகத் தளர்ந்துவிடும், லித்தியம் ஏஏ செல் மைனஸ் 40 வரை தாக்குப்பிடிக்கும்.

குளிரில் தோட்டாவின் வேகமும் குறைகிறதே, சைட்டை மட்டும் குறை சொல்வானேன் என்று கேட்கப்படலாம். வெடிமருந்தின் மாற்றம் முன்கூட்டியே கணிக்கக்கூடியது, பயிற்சியில் சொல்லிக்கொடுக்கலாம். சைட்டின் விலகல் எந்தப் பக்கம், எவ்வளவு என்பது அளக்காதவரை எவருக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி ஜீரோ செய்துகொள்ளலாமே என்பது இதைவிடக் கனமான வாதம். சமவெளியில் அது போதும். பனிமலையில் பகல் வெயிலில் செய்த ஜீரோ, இரவில் முப்பது டிகிரி இறங்கியதும் மீண்டும் நகரக்கூடும்; நள்ளிரவுக் காவலில் இருப்பவர் எந்த இலக்கை வைத்துச் சரிபார்ப்பார்? ஜீரோ திரும்பி வராத கருவியை எத்தனை முறை ஜீரோ செய்தாலும் பயனில்லை. வெளிநாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட கருவிதானே என்ற சமாதானத்துக்கு மேலே சொன்ன வழக்கே பதில். இந்த ஆய்வு கொள்முதலைத் தாமதப்படுத்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெப்பநிலை அறையும் குறிவிலகலை அளக்கும் கோலிமேட்டரும் அரிய சாதனங்கள் அல்ல. மின்னணு சைட்டே வேண்டாம் என்பதும் எங்கள் வாதமல்ல. மங்கலான வெளிச்சத்தில் இரும்பு சைட் அதற்கு ஈடாகாது.

ஆகவே, மின்னணுக் கருவிகளின் சுற்றுச்சூழல் சோதனைக்கான ஜே.எஸ்.எஸ். 55555 தரவிதியின்படி நடக்கும் சோதனைகளோடு, ஒவ்வொரு சைட் வகைக்கும் குறிவிலகல் சோதனையையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுத்தில் சேர்க்க வேண்டுகிறோம். கருவி குளிரிலும் சூட்டிலும் இருக்கும்போதே அளவு எடுக்கப்பட வேண்டும். அறை வெப்பத்துக்குத் திரும்பிய பின் மறுபடி அளந்து, ஜீரோ மீண்டதா என்று குறிக்கப்பட வேண்டும். முதல் மாதிரியோடு நிறுத்தாமல், வழங்கப்படும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ராணுவத் தரப்பே சில கருவிகளை எடுத்துச் சோதிக்க வேண்டும். தனக்குத் தெரிந்த குறைபாட்டை விற்பனையாளர் குறித்த நாளுக்குள் தெரிவிக்கவும், தவறினால் முழுத் தொகையையும் திருப்பித் தரவும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்த வேண்டும். சோதனையில் கண்ட விலகல் அளவு அந்தந்தப் படைப்பிரிவின் ஆயுதப் பயிற்றுநர் கைக்கு எட்ட வேண்டும். உயர்மலை நிலைகளுக்குப் போகும் எந்தத் துப்பாக்கியிலிருந்தும் மடக்கு இரும்பு சைட் கழற்றப்படக் கூடாது. அங்கே லித்தியம் செல் மட்டுமே வழங்கப்பட வேண்டும். இவற்றின் மீது எடுக்கப்படும் முடிவை, அடுத்த சைட் கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன் எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்,
முன்னாள் படைவீரர் நலச் சங்கம்.