பேய் இல்லை, பாட்டி!

சென்ற வாரத் தபாலில் நாகலாபுரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கு பக்கம், நுணுக்கி நுணுக்கி எழுதிய எழுத்து. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் அந்தச் சகோதரி. போடவில்லை. ஆனால் விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவருக்குப் பதினான்கு வயதில் ஒரு மகள். யாரிடமோ இரவல் வாங்கி, தலையணை கனத்தில் ஒரு நாவல் படிக்கிறாள். பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறைச் சூனியக்காரிகளின் கதையாம். பாட்டி செத்த பிறகும் வந்து பேத்திக்கு மந்திரம் சொல்லிக் கொடுக்கிறாளாம். "இந்த மாதிரிப் புஸ்தகங்களை வயசுப் பெண் படிக்கலாமா?" என்று ஆரம்பிக்கிறது கடிதம்.

இது என்ன பிரமாதம், ஒரு கார்டில் பதில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாம் பக்கத்தில்தான் சங்கதி இருந்தது.

அந்தச் சகோதரியைப் பெற்ற அன்றே அவர் தாயார் கண்ணை மூடிவிட்டார். வளர்த்தது அம்மாவைப் பெற்ற பாட்டி. விளையாட்டில் சண்டை வந்தால் தெருப் பிள்ளைகள், "ஒங்கம்மா பேயாயிட்டா. கம்மாக்கரைப் புளியமரத்துலதான் இருக்கா" என்பார்களாம். அந்தப் பயத்தையும் வெட்கத்தையும் மனத்துக்குள் பூட்டியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார். இப்போது மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "அம்மா, உங்கம்மா எப்படிம்மா செத்தாங்க?" என்று கேட்டிருக்கிறாள். இவர் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

"நான் என்ன சொல்லட்டும்?" என்று முடிகிறது கடிதம்.

சகோதரி, முதலில் ஒன்று: புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். அது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். நம் பழைய நடைபாதைகளில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பார்களே, சுமைதாங்கி, அது எதற்காக? வழிப்போக்கன் தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாற. யார் நினைவாக? பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் தன் சுமையை இறக்காமலே போய்விட்டாள். அவள் பெயரால் ஊரார் சுமையாவது இறங்கட்டும் என்ற எண்ணம். பஸ்ஸும் லாரியும் வந்த பிறகு கல்லுக்கு வேலை போய்விட்டது. சில இடங்களில் சாய்ந்து கிடக்கிறது.

ஒரே ஊர், ஒரே சாவு. அதைப் பார்த்து ஒருவன் புளியமரத்தில் பேயை ஏற்றினான். இன்னொருவன் பாதையோரம் கல்லை நட்டான். காப்பாற்ற முடியாமல் போனவளை நினைத்தால் ஊருக்கு உள்ளூரக் குற்ற உணர்ச்சி. அந்தக் குற்ற உணர்ச்சிதான் ஒருவனுக்குப் பயமாகவும், மற்றவனுக்குக் கருணையாகவும் மாறியது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கரிசல் சீமைக்காரர் கி. ராஜநாராயணன் 1976-ல் வெளியிட்ட 'கோபல்ல கிராம'த்தை உங்கள் மகளுக்கு வாங்கிக் கொடுங்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் பிறந்தவர் அவர். அந்த நாவலில், தனி வழி நடந்து வரும் ஒரு கர்ப்பிணியை நகைக்கு ஆசைப்பட்ட கள்வன் நீரில் அமுக்கிக் கொன்றுவிடுகிறான். ஆனால் அவள் அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் விடவில்லை, அவன் அகப்பட்டுக்கொள்கிறான். எந்தச் சூனியக்காரிக்கு இந்தச் சக்தி வரும்?

நூறு வயதைத் தாண்டிய பூட்டி ஒருத்தியும் அதில் வருகிறாள். ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்காகக் குடும்பமே தெலுங்குச் சீமையிலிருந்து தெற்கே ஓடிவந்த கதையையும், ஆற்றைக் கடக்க மரம் வளைந்து கொடுத்த அதிசயத்தையும் அவள் சொல்லச் சொல்ல, வீடே உட்கார்ந்து கேட்கிறது. குடும்பத்தின் ஆஸ்தி நிலம் மட்டுமல்ல, அந்தக் கிழவியின் நாக்கும்தான்.

மேல்நாட்டார் சங்கதியையும் கேளுங்கள். கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட ஜெர்மானியக் கதைகளில், குழந்தைகளைக் காட்டில் விட்டுவிடச் சொல்லும் ஒருத்தி வருகிறாள். முதலில் அவள் பெற்ற தாய். 1840-ம் வருஷப் பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். கற்பனைத் தாயைக்கூடக் கெட்டவளாக வைத்திருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. ஒரு பாவமும் அறியாத உங்கள் தாயாரை நீங்கள் ஏன் புளியமரத்திலேயே விட்டுவைக்க வேண்டும்?

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். பிரசவச் சாவு தலைவிதி அல்ல. இரத்தப்போக்கும், ஜன்னியும், சமயத்துக்கு வண்டி கிடைக்காததும் எத்தனையோ தாய்மாரைக் கொண்டுபோயின. ஆஸ்பத்திரிப் பிரசவமும், கிராமத்து நர்ஸம்மாவும், 2008-ல் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய 108 வண்டியும் சேர்ந்து அதைக் குறைத்திருக்கின்றன. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியா முழுவதிலும் 97 தாய்மார் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. பேயை ஓட்டியது உடுக்கை அல்ல. ஆனாலும் 54 என்பது 54 வீடு. அந்த வீடுகளிலும் பிள்ளைகள் வளர்கின்றன.

ஆகவே சகோதரி, இன்று இரவு அடுப்பை அணைத்துவிட்டு, மகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்கள் தாயாரின் பெயரைச் சொல்லுங்கள். அவர் எப்படி இருப்பார், எதைச் சாப்பிடப் பிரியப்படுவார் என்று உங்கள் பாட்டி சொன்னது ஞாபகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கடைசியாக, "என்னைப் பெத்ததுல செத்தாங்கம்மா" என்று சொல்லிவிடுங்கள். நாற்பது வருஷச் சுமை. இறக்கி வைக்க உங்களுக்கும் ஒரு கல் வேண்டாமா?

அதைக் கேட்டுவிட்டு மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். காத்திருப்பேன்.