உருப்போடும் வார்த்தைகள்

சென்ற கார்த்திகையில் ஒரு மாலை, ஊரூர் ஆல்காட் குப்பத்தில், கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்து ஒரு பையன் உருப்போட்டுக் கொண்டிருந்தான். திருக்குறள் அல்ல, ‘யுபிக்விட்டஸ், பெர்னிஷியஸ், லகானிக்!’ தினம் இருபது வார்த்தைகளாம். வேலைக்குப் பேட்டி காணும்போது இவற்றை எடுத்து வீசினால் எதிரே இருப்பவர் சொக்கிப் போவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னதற்குப் பணமும் வாங்கியிருக்கிறார்கள்.

“தம்பி, கிழிந்த வலைக்கு நிவாரணம் கேட்டு இங்கிலீஷில் நாலு வரி எழுது, பார்ப்போம்” என்றேன்.

பேனாவைக் கடித்தான். முதல் வரியே நகரவில்லை.

குற்றம் அவனுடையதல்ல. நானும் அந்த நோயில் விழுந்து எழுந்தவன்தான். கல்லூரியில் ஒரு லீவு லெட்டரில் அகராதியையே கவிழ்த்தேன். படித்த ஆசிரியர், “உனக்குக் காய்ச்சலா, கல்யாணமா?” என்று கேட்டார். அன்றே தெளிந்தேன்.

நான் ஆங்கிலத்துக்கு விரோதியல்ல. குப்பத்துப் பிள்ளைக்கு அது என்னைவிட அதிகம் வேண்டும். பாங்கியிலும் கோர்ட்டிலும் அவனை மிரட்டும் காகிதங்கள் அந்தப் பாஷையில்தான் வருகின்றன. அதனால்தான் கோபம் வருகிறது. பசித்தவனுக்குச் சோறு போடாமல் ஜவ்வாது பூசி அனுப்புகிறார்களே!

குப்பத்தின் பெயரில் இருக்கும் கர்னல் ஆல்காட் அமெரிக்கர். ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக 1894ல் அடையாறில் இலவசப் பள்ளி திறந்தவர். அவருடைய நாட்டிலேயே மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. பரீட்சை 2011ல் எதிர்ப்பதக் கேள்விகளைக் கைவிட்டது. கல்லூரியில் சேருவதற்கான எஸ்.ஏ.டி. 2016ல் அபூர்வ வார்த்தைகளைத் தள்ளிவிட்டு, வாக்கியத்தில் பொருளறியும் திறமையைச் சோதிக்கத் தொடங்கியது. கடைக்காரனே மூட்டை கட்டிய சரக்கை நாம் இன்னும் வரிசையில் நின்று வாங்குகிறோம்!

வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த தகப்பனார் நிமிர்ந்தார். “டேய், வாடை எழும்புது. கயித்த இழுத்துக் கட்டு!”

பையன் பாய்ந்து ஓடினான். காற்றின் பெயரைக் கேட்டதுமே, செய்ய வேண்டியது அவன் கைக்குத் தெரிந்துவிட்டது. வார்த்தையைக் கற்பது என்றால் இதுவல்லவா?

அவன் பாட்டன்மார் ஏறிப்போன கட்டுமரம் ஆங்கில அகராதியில் இருக்கிறது. டாம்ப்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697ல் வெளிவந்த தம் பிரயாண நூலிலேயே அதை எழுதிவிட்டார். அவர் அதைப் பட்டியலில் உருப்போடவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் இருந்தது. அதற்கு உரிய வார்த்தையை எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலம் போதிக்கும் புண்ணியவான்களே! இந்தப் பையனுக்கும் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. வலை கிழிந்திருக்கிறது. முதலில் அந்த நாலு வரியை எழுதக் கற்றுக்கொடுங்கள்.